முதல் பரிசோதனை யாருக்கு?

கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியும் குழந்தை இல்லாத தம்பதி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும் பையைக் கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஜவுளிக்கடைப் பை. உள்ளே மனைவி பெயரில் ஸ்கேன் படங்கள், மாதவிலக்கின் இரண்டாம் நாளில் எடுத்த ஹார்மோன் முடிவுகள், கருக்குழாயில் சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்ரே, வயிற்றில் துளையிட்டு லேப்ராஸ்கோப்பி செய்த டிஸ்சார்ஜ் சம்மரி, நான்கைந்து டாக்டர்களின் மருந்துச் சீட்டுகள். கணவன் பெயரில் மடித்து மடித்து ஓரம் கிழிந்த ஒற்றைத் தாள். பல பைகளில் அதுவும் இராது. மனைவியின் தாள்கள் வருஷக்கணக்கில் சேர்ந்தவை, ஒன்றையடுத்து ஒன்று எழுதப்பட்டவை. கணவனின் தாள் கடைசியில், எல்லாம் முடிந்த பிறகு, போனால் போகிறதென்று எடுத்தது. குழந்தையின்மைக்கு நம் ஊரில் நடக்கும் வைத்தியத்தில் எது கோணலாக இருக்கிறது என்பதை அந்தப் பை சொல்லிவிடுகிறது. காரணத்தைத் தேடும் முன்பே சிகிச்சை தொடங்கிவிடுகிறது. தேடினாலும் தவறான இடத்திலிருந்து தேடல் தொடங்குகிறது.

வத்திராயிருப்பை அடுத்த வ. புதுப்பட்டி போன்ற ஓர் ஊரில் இருப்பவர்களுக்கு இந்தப் பையின் கனம் இன்னும் அதிகம். மலையடிவாரத்திலிருந்து கிருஷ்ணன்கோவில் வந்து, பஸ் மாறி, கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாக மதுரை போய்ச் சேர்ந்தால்தான் ‘கருத்தரிப்பு மையம்’ என்ற பெயர்ப்பலகையைப் பார்க்க முடியும். முட்டை வளர்ச்சியைப் பார்க்க ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேனுக்கு வரச் சொன்னால் மனைவி அந்த வாரம் கூலிக்குப் போக முடியாது. நகை அடகுக் கடைக்குப் போகும். இத்தனைக்கும் இது ஏதோ சிலருக்கு மட்டும் வரும் அபூர்வ நோயல்ல. உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குழந்தையின்மையை அனுபவிக்கிறார் என்று 2023 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொன்னது. சர்க்கரை, ரத்த அழுத்தம் போல இதுவும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் விசாரிக்கப்பட வேண்டிய விஷயம்.

எதைக் குழந்தையின்மை என்பது? மருத்துவம் வைத்திருக்கும் வரையறை எளிமையானது: தடுப்பு எதுவும் இல்லாமல், ஒழுங்காகச் சேர்ந்து வாழ்ந்து, பன்னிரண்டு மாதம் ஆகியும் கரு தங்காமல் இருப்பது. நம் வீடுகளில் இருக்கும் வரையறை வேறு. மூன்றாம் மாதமே “ஏதும் விசேஷமா?” என்று ஆரம்பித்துவிடுவார்கள், ஆறாம் மாதம் மாமியார் முகம் மாறும். அரசமரத்தைச் சுற்றிவந்ததும் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று பழமொழி வைத்திருக்கிறோம். அவசரப்படுவது அவள் என்பதுபோல. அவசரம் சுற்றியிருப்பவர்களுடையது. மனைவி நாற்பது வயதுக்குக் கீழ் உள்ள தம்பதியரில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோருக்கு முதல் வருஷத்திலேயே கரு தங்கிவிடுகிறது. தங்காதவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, எந்த மருந்தும் இல்லாமல், இரண்டாம் வருஷத்தில் தங்குகிறது என்பது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பு தரும் கணக்கு. அந்த இரண்டாம் வருஷத்தில்தான் நம் ஊர்ப் பெண் ஊசி போட்டுக்கொள்ளத் தொடங்குகிறாள். தானாக நடந்திருக்கக்கூடிய ஒன்று மருந்தால் நடந்ததாகப் பெயர் வாங்கும்.

வரையறையில் ‘ஒழுங்காகச் சேர்ந்து வாழ்ந்து’ என்றொரு தொடர் இருக்கிறதே, அதையும் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. கணவன் வளைகுடாவில், வருஷத்துக்கு முப்பது நாள் லீவு. அல்லது லாரியில், மாதத்தில் ஆறு இரவு வீட்டில். அல்லது மில்லில் ஒருவருக்குப் பகல் ஷிப்ட், மற்றவருக்கு இரவு. கல்யாணமாகி நான்கு வருஷம் என்று சீட்டில் எழுதுவார்கள். சேர்ந்திருந்த நாளைக் கூட்டினால் ஒரு வருஷம் தேறாது. இவர்களுக்கு நோய் என்று எதுவுமே இல்லாமல் இருக்கலாம். இன்னும் சிலருக்கு உடலுறவே முழுமையாக நடந்திருக்காது. வலி, பயம், விறைப்புக் குறைபாடு, வெட்கம், கூட்டுக் குடும்பத்தில் தாழ்ப்பாள் இல்லாத அறை. பக்குவமாகப் பேசிச் சரிசெய்ய வேண்டிய இந்தச் சிக்கலைக் கேட்காமல், விந்தைக் குழாய் வழியே கருப்பைக்குள் செலுத்தி அனுப்பிவிடுவது சுலபம். கரு தங்கினாலும் அந்த வீட்டின் பிரச்சினை அப்படியே இருக்கும்.

அடுத்தது ஆண். குழந்தையில்லாத் தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. தனியாகவோ, மனைவியின் குறையோடு சேர்ந்தோ. இது பல பத்தாண்டுகளாக மருத்துவப் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். ஆணுக்கான முதல் பரிசோதனைக்கு ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, வலி இல்லை. சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு விந்தைக் கொடுக்க வேண்டும்; ஒரு மணி நேரத்துக்குள் அதை நுண்ணோக்கியில் பார்த்துவிட வேண்டும். ஒரு மில்லி லிட்டரில் 1.6 கோடி அணுக்கள், அவற்றில் நூற்றுக்கு முப்பதாவது முன்னோக்கி நீந்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021ல் வெளியிட்ட கையேட்டின் கீழ்வரம்பு. ஒரு முறை குறைந்தால் முடிவுகட்டக் கூடாது. ஒரு விந்தணு உருவாகி வெளிவர இரண்டரை மாதம் போலப் பிடிக்கும். இரண்டு மாதம் முன்னால் வந்த கடும் காய்ச்சல்கூட இன்றைய எண்ணிக்கையில் தெரியும். அதனால்தான் மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்கிறார்கள். குறை என்றால் விதைப்பை நரம்பு வீக்கமா, ஹார்மோனா, பொன்னுக்குவீங்கி வந்து போனதா, உடற்பயிற்சிக் கூடத்தில் தசை ஏற்றப் போட்டுக்கொண்ட டெஸ்டோஸ்டிரோன் ஊசியா என்று தேட ஆரம்பிக்கலாம். ஆண்மை கூட்டும் என்று நம்பிப் போடும் அந்த ஊசி விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடும். விட்டால் பலருக்கு மாதங்களில் திரும்பும். இப்படித் திருத்திக்கொள்ளக்கூடிய ஒருவருடைய மனைவிக்கு லேப்ராஸ்கோப்பி செய்திருப்பார்கள் என்பதுதான் வேதனை.

ஆணைச் சோதித்ததால் மட்டுமே வெளிவந்த உண்மை ஒன்று உண்டு. 1977ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், லேத்ரப் என்ற ஊரில் இருந்த பூச்சிமருந்துத் தொழிற்சாலையின் ஒரு பிரிவுத் தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தபோது, தங்களில் யாருக்கும் அண்மையில் குழந்தை பிறக்கவில்லை என்பதைக் கவனித்தார்கள். விந்துப் பரிசோதனைக்குப் போனார்கள். பலருக்கு அணு மிகக் குறைவு. சிலருக்கு ஒன்றுகூட இல்லை. மண்ணில் வேரைத் தாக்கும் நூற்புழுவைக் கொல்ல அவர்கள் தயாரித்த டிபிசிபி என்ற ரசாயனம்தான் காரணம். அது விதைகளைச் சுருங்கச் செய்யும் என்று விலங்குகளில் நடந்த ஆய்வு 1961லேயே அச்சில் வந்திருந்தது. அமெரிக்காவில் கட்டுப்பாடு வந்த பிறகும் மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களில் அது பயன்பட்டது. ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் மலட்டுத்தன்மைக்கு நஷ்டஈடு கேட்டு வழக்காடினார்கள். அந்தத் தொழிலாளர்களின் மனைவிமார் ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தால் இந்தக் காரணம் கடைசிவரை தெரிந்திருக்காது. பக்கத்து மாநிலமான கேரளத்திலேயே காசர்கோடு இருக்கிறது. முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் பூச்சிமருந்து தெளித்த கிராமத்தில், ஆண்பிள்ளைகள் பருவமடைவது தள்ளிப்போவதை 2003ல் வெளியான ஆய்வு காட்டியது. 2011ல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தைத் தடை செய்தது.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து ஆண்களின் வேலைகளை நினைத்துப் பாருங்கள். நூற்பாலை, தோப்பில் மருந்தடிப்பு, இன்ஜின் சூட்டுக்கு மேல் உட்கார்ந்து லாரி ஓட்டுவது, பேக்கரி அடுப்பு, பால்கோவா வாணலிக்கு முன்னால் நாள் முழுக்க நின்று கிண்டுவது. உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால்தான் விதையில் அணு உற்பத்தி ஒழுங்காக நடக்கும். அதற்காகத்தான் இயற்கை அதை உடம்புக்கு வெளியே தொங்கவிட்டிருக்கிறது. இந்த வேலை பார்ப்பவர்கள் எல்லாருக்கும் குறை இருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. “என்ன வேலை பார்க்கிறீர்கள்?” என்ற ஒரு கேள்வி சீட்டின் முதல் வரியில் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

பெண்ணிடம் உள்ள காரணங்களிலும் பெரும் பகுதி மர்மமானதல்ல. உலகக் காசநோயாளிகளில் நான்கில் ஒரு பங்கு இந்தியாவில். நுரையீரலில் மட்டும் வரும் நோய் என்று நினைக்கிறோம். சத்தமில்லாமல் கருக்குழாயில் குடியேறி இரண்டு பக்கத்தையும் அடைத்துவிடும். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. குழந்தை இல்லை என்று தேடும்போதுதான் தெரியும். கருப்பையின் உட்சுவரையும் அது தழும்பாக்கிவிட்டால், வெளியே உருவாக்கிய கருவைக் கொண்டுபோய் வைத்தாலும் ஒட்டாது. சுகாதாரமற்ற கருக்கலைப்பு, கவனிக்காமல் விட்ட வெள்ளைப்படுதல் நோய்த்தொற்று ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். இவற்றுக்கெல்லாம் வைத்தியம் பத்து வருஷம் முன்னால், உள்ளூர் அரசு ஆஸ்பத்திரியில் நடந்திருக்க வேண்டும். சினைப்பை நீர்க்கட்டி விஷயமும் இப்படித்தான். பருமனாக இருந்து மாதவிலக்கு தள்ளிப்போகும் பெண்களில் பலருக்கு எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைந்தாலே முட்டை வெளிவரத் தொடங்கும். தொடங்காதவர்களுக்கு லெட்ரோசோல் என்ற மலிவான மாத்திரை இருக்கிறது. 750 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2014ல் வெளியான ஆய்வில், பழைய குளோமிஃபீன் மாத்திரையில் நூற்றுக்கு 19 பேருக்குக் குழந்தை பிறந்தது; லெட்ரோசோலில் 27 பேருக்கு. அந்த ஆய்வு வெளியான நாளில் இந்தியாவில் இதற்காக லெட்ரோசோலை விற்பதற்குத் தடை இருந்தது. 2011ல் போட்ட தடை அது, பிறகு விலக்கிக்கொண்டார்கள்.

இவ்வளவையும் தாண்டித்தான் ஐவிஎஃப் என்ற சோதனைக்குழாய் முறை வர வேண்டும். அந்தச் சாதனையைக் குறைத்துப் பேச எனக்கு உத்தேசம் இல்லை. 1978 ஜூலை 25ல் இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தார். 70 நாள் கழித்து, அக்டோபர் 3ல், கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியில் துர்கா பிறந்தார். அதை நம்ப மறுத்துக் கேலி செய்த அரசு இயந்திரம் அவரை 1981ல் தற்கொலைக்குத் தள்ளியது. 1990ல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறக்கச் செய்தார். இரண்டு குழாயும் அடைபட்ட பெண்ணுக்கும், ஒரு விந்தணுவை நேரே முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறை 1992ல் வந்த பிறகு விரல்விட்டு எண்ணும் அளவே அணு உள்ள ஆணுக்கும் இது வரம்தான். ஆனால் இது புறவழிச்சாலை. அடைப்பைச் சுற்றிக்கொண்டு போகும், அடைப்பை எடுக்காது. முட்டையின் வயதையும் குறைக்காது. மையவாரியாகக் கணக்கெடுத்து வெளியிடும் பிரிட்டனில், கருப்பையில் வைத்த ஒரு கருவுக்கு உயிருள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு 35 வயதுக்குக் கீழே மூன்றில் ஒன்று. நாற்பதைத் தாண்டினால் பத்தில் ஒன்று. அதாவது நல்ல ஆய்வகத்தில், இளம் வயதில்கூட, ஒரு முறை வைக்கும்போது தோல்விதான் அதிகம். நம் ஊர் விளம்பரங்கள் எழுபது, எண்பது சதவீதம் என்கின்றன. எதன் சதவீதம் என்று கேட்க வேண்டும். ரத்தப் பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ வந்ததா, இதயத்துடிப்பு தெரிந்ததா, குழந்தை வீட்டுக்கு வந்ததா? சொந்த முட்டையா, தானமாகப் பெற்ற முட்டையா?

தோற்ற பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் இன்னும் மோசம். அடுத்த சுற்றுக்குக் கூடுதலாக ஒன்றைச் சேர்க்கச் சொல்வார்கள். கருப்பை உட்சுவரைச் சுரண்டிவிட்டால் கரு நன்றாக ஒட்டும் என்று உலகமெங்கும் சுரண்டினார்கள். 1,364 பெண்களிடம் செய்து 2019ல் வெளியான ஆய்வில், சுரண்டியவர்களுக்கும் சுரண்டாதவர்களுக்கும் குழந்தை பிறந்த விகிதம் ஒன்றே: 26.1 சதவீதம். கணவனின் அணு நன்றாகவே இருந்தாலும் இக்சி செய்துவிடுவது வழக்கமாகிவிட்டது. வியட்நாமில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தம்பதியரிடம் நடந்து 2021ல் வந்த ஆய்வு, அதனால் தெளிவான லாபம் இல்லை என்றது. பில்லில் மட்டும் அது தனி வரி. இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் குழந்தையின்மை பொதுவாக விலக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறது. எனவே ஒரு சுற்றுக்கு ஒன்றரை, இரண்டு லட்சம் என்று ஆகும் செலவு முழுக்கக் கைக்காசு, இல்லையென்றால் வட்டிக்காசு.

எதிர்க்கேள்விகள் இருக்கின்றன. காரணம் தேடிக்கொண்டே இருந்தால் வயது போய்விடாதா என்பது நியாயமானது. 35 தாண்டிய பெண் ஆறு மாதத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது. நாற்பதுக்கு மேல் உடனே பார்க்க வேண்டும். மாதவிலக்கே ஒழுங்கில்லாதவர், காசநோய் வந்து குணமானவர், சிறுவயதில் விதை இறங்காமல் அறுவை செய்துகொண்டவர் யாரும் ஒரு வருஷம் பொறுக்க வேண்டியதில்லை. ஆனால் நான் கேட்கும் அடிப்படைச் சோதனைகள் ஒரு மாதவிலக்குச் சுழற்சிக்குள் முடியக்கூடியவை. காலத்தைத் தின்பது தேடல் அல்ல. தேடாமல் ஓட்டும் ஆறு மாத ஊசி. நவீன வைத்தியத்துக்கு எல்லை உண்டென்றால் லேகியத்துக்குப் போகலாமே என்பார்கள். மேலே சுரண்டல் சிகிச்சையைத் தூக்கி எறிந்தது எந்த அளவுகோலோ அதே அளவுகோலை லேகியத்துக்கும் வைப்போம்: எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டால் எத்தனை குழந்தை? இதற்குப் பதில் தராத எதுவும், பாட்டிலில் வந்தாலும் பஸ்பமாக வந்தாலும், ஒன்றுதான். அடைபட்ட குழாயை எந்தச் சூரணமும் திறந்ததில்லை.

ஜனத்தொகை பெருகிக் கிடக்கும் நாட்டில் அரசு இதற்கு எதற்குச் செலவழிக்க வேண்டும் என்பது இன்னொன்று. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 குழந்தை என்று 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கு சொல்கிறது. தம்பதிக்கு இரண்டு குழந்தை என்ற அளவுக்குக் கீழே எப்போதோ இறங்கிவிட்டது. 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் நடந்த திருமண விழாவில், மக்கள்தொகையை வைத்துச் செய்யும் தொகுதி மறுவரையறையைச் சுட்டிக்காட்டி, உடனே குழந்தை பெற்றுக்கொள்ளுங்கள் என்று முதல்வர் மு.க.ஸ்டாலினே மணமக்களுக்குச் சொன்னார். எண்ணிக்கை ஒருபுறம் இருக்கட்டும். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு வீடு தேடி ஆள் அனுப்பிய அரசுக்கு, வேண்டும் என்பவருக்குக் கை கொடுக்கும் கடமையும் உண்டு; 1994ல் கெய்ரோ மக்கள்தொகை மாநாட்டில் இந்தியா ஒப்புக்கொண்ட இனப்பெருக்க நலத்தில் குழந்தையின்மைச் சிகிச்சையும் சேர்த்திதான். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் கருத்தரிப்பு மையம் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் வ. புதுப்பட்டிக்காரர்களுக்கு எழும்பூர் மதுரையைவிடத் தூரம். கண்காணிப்பு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஈரோடு போதும்: 16 வயதுச் சிறுமியின் ஆதாரில் வயதைத் திருத்தி, அவள் கருமுட்டையைப் பல மருத்துவமனைகளில் எடுத்து விற்றது 2022ல் வெளிவந்தது. தானம் செய்பவருக்கு 23 வயதாவது ஆகியிருக்க வேண்டும், ஆயுளில் ஒரே முறைதான் என்ற 2021ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஜனவரியில்தான் அமலுக்கு வந்திருந்தது. அதே சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மையமும் பதிவு செய்கிறது, கணக்கு கொடுக்கிறது. எத்தனை சுற்று, எந்த வயது, எத்தனை குழந்தை என்ற அந்தக் கணக்கை மையத்தின் பெயரோடு மக்கள் பார்க்கும்படி அரசு வெளியிட வேண்டும். விளம்பரப் பலகைகள் தாமாகச் சுருங்கும்.

எல்லாம் செய்தும் சிலருக்குக் குழந்தை பிறக்காது. அதையும் மருத்துவர் வாய்திறந்து சொல்ல வேண்டும். ஐந்தாவது சுற்றுக்குத் தேதி கொடுப்பதைவிட அது நல்ல வைத்தியம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. துளசித் தோட்டத்தில் கிடைத்த பிள்ளையைப் பெரியாழ்வார் மகளாக வளர்த்த ஊர் அது. அந்த மகளுக்குத்தான் கோயில் கட்டித் தேர் இழுக்கிறார்கள். முறையாகத் தத்தெடுக்கப் பதிவு செய்தால் வருஷக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது என்பதால், அந்த வழியையும் மருத்துவர் முதல் தோல்வியிலேயே சொல்லிவிடுவது நல்லது.

விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. வாரத்தில் ஒரு நாள் இந்த இரண்டு ஊரிலும் தம்பதியராக வரச் சொல்லி, கணவனின் விந்துப் பரிசோதனையை முதலில் முடித்த பிறகே மனைவியின் சீட்டை எழுதுவது என்று ஒரு விதி வைக்கலாம். கோடிகள் வேண்டாம். ஒரு நுண்ணோக்கி, அணுக்களை எண்ணும் கண்ணாடித் தகடு, பயிற்சி பெற்ற டெக்னீஷியன் ஒருவர், உள்பக்கம் தாழ்ப்பாள் போடும்படி ஒரு சின்ன அறை.